வெள்ளைப் பெட்டியும் என் தொண்டையும்

1

குமுளியிலும் சக்குபள்ளத்திலும் தேவிகுளத்திலும் என்னைத் தெரிந்தவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் புற்றுநோய் இல்லை. ஜோசப் என்னை விட்டுவிட்டு எந்த வெள்ளைக்காரியோடும் ஓடிப்போகவில்லை. அயர்லாந்து அரசாங்கம் எங்களைத் துரத்தவும் இல்லை. சக்குபள்ளம் மாதா கோயிலில் எனக்காக ஒப்புக்கொடுத்த பூசைக்கு நன்றி. இவ்வளவு கலவரத்துக்கும் காரணம், நான் ஒரு வாரம் மெதுவாகப் பேசினேன் என்பதுதான்.

ஏன் மெதுவாகப் பேசினேன் என்று கேட்டு இன்னும் போன் வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தீராது. அதனால் எழுதிவிடுகிறேன்.

அக்டோபரில் நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து பத்து வருடம் நிறைந்தது. ஜோசப் அன்று கேக் வாங்கி வந்திருந்தார். மகள் அலீனா, வயது பதினான்கு, மெழுகுவத்தி ஏற்றினாள். நான் கத்தியைக் கையில் எடுத்தபோது போனில் ஒரு மின்னஞ்சல் வந்து விழுந்தது. நான் நர்ஸாக வேலை பார்க்கும் முதியோர் இல்லத்திலிருந்து. "அன்புள்ள செல்வராணி, உங்கள் குரல் தொடர்பான அபாய மதிப்பு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறியுள்ளது. முன்னேற்றம் இல்லாவிட்டால் விசாரணைக்குப் பரிந்துரைக்கப்படும்."

குரலுக்கு மதிப்பெண் போடுவார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் கணக்கில் ஃபெயில் ஆனபோதுகூட என் குரலில் யாரும் குறை சொன்னதில்லை.

2

எங்கள் இல்லத்தில் ஆறு மாதம் முன்பு கூரையெங்கும் சின்னச் சின்ன வெள்ளைப் பெட்டிகளை மாட்டினார்கள். நான் புகை வந்தால் அலறுகிற பெட்டி என்று நினைத்துக்கொண்டேன். பிறகு ஒரு கூட்டம் போட்டுச் சொன்னார்கள். இது செயற்கை நுண்ணறிவு. முதியவர் யாராவது கீழே விழுந்தால் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்கும். அதோடு, யாராவது அவர்களை மிரட்டினாலோ திட்டினாலோ அதையும் கண்டுபிடிக்கும்.

பெட்டியை விற்ற கம்பெனியிலிருந்து கானர் என்று ஒரு பையன் மடிக்கணினியோடு வந்திருந்தான். நல்ல பிள்ளை, பேசினால் பக்கத்து நாற்காலிக்குக் கேட்காது. "இயந்திரம் எதையும் முடிவு செய்யாது. சொல்லும், அவ்வளவுதான். முடிவெடுப்பது மனிதர்" என்றான். எல்லோரும் தலையாட்டிக் கையெழுத்துப் போட்டோம். பிஸ்கட் கொடுத்தார்கள்.

நியாயமாகச் சொன்னால், அப்போது எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை. நாதியில்லாத கிழவிகளை மூடிய கதவுக்குப் பின்னால் பாடாய்ப் படுத்துகிறவர்கள் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களைப் பிடிக்க ஒரு பெட்டி வந்தால் வரட்டும். அது என்னைப் பிடிக்கும் என்று யார் கண்டது?

3

எங்கள் தொண்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். படிக்கிறவர்களில் பலருக்குத் தெரிந்ததுதான், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் பிறந்தது தேவிகுளத்துக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். எங்கள் வீடு இந்தச் சரிவில், அம்மா கொழுந்து எடுப்பது எதிர்ச் சரிவில், நடுவே ஓடை. பள்ளிவிட்டு வந்தால் சாவி எங்கே என்று கேட்க வேண்டும். இறங்கி ஏறிப் போய்க் கேட்டால் ஒரு மணி நேரம். நின்ற இடத்திலிருந்து கேட்டால் ஒரு மூச்சு. "யம்மோவ், சாவி எங்கே?" என்றால் அந்தப் பக்கத்திலிருந்து, "கோழிக்கூட்டுக்குள்ள கெடக்கு!" என்று பதில் வரும். சாவி எங்கே இருக்கிறது என்பது அந்த டிவிஷன் முழுக்கத் தெரியும். ஆனாலும் ஒருநாளும் திருட்டுப் போனதில்லை.

மூடுபனி வந்துவிட்டால் முகம் தெரியாது. அப்போது குரல்தான் ஆள். யார் எங்கே நிற்கிறார்கள், அட்டை கடித்ததா, யானை இறங்கியிருக்கிறதா, எல்லாம் குரலில்தான். எங்கள் லயத்தில் எல்லோரும் ஒரே குரலில் பேசுவோம். அந்தக் குரல் பெரியது.

மெதுவாகப் பேசுகிற சந்தர்ப்பம் எங்களுக்கு ஒன்றே ஒன்றுதான். துக்கச் செய்தி. யாராவது வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்தி, "அக்கா, கொஞ்சம் வெளிய வாங்க" என்றால், வீட்டுக்குள்ளே அடுப்பை அணைத்துவிடுவார்கள். யார் என்ன என்று கேட்கும் முன்பே ஒருத்தி ஒப்பாரிக்குத் தயாராகிவிடுவாள்.

இந்த விவரத்தைக் கானருக்கு யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு.

4

மஞ்சள் மின்னஞ்சல் வந்த மறுநாளிலிருந்து குரலைக் குறைப்பது என்று முடிவு செய்தேன். இல்லத்தில் மட்டும் குறைத்தால் பழக்கம் வராது, வீட்டிலும் குறைக்க வேண்டும். அலீனா என் போனில் சத்தத்தை அளக்கும் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்தாள். சோறு பரிமாறும்போதும் அது மேசையில் எரிந்துகொண்டிருக்கும். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றவா?" என்று நான் கேட்டால் அதில் தெரியும் முள் துடிக்கும். ஜோசப் பயந்துபோய் வேண்டாம் என்பார்.

அலீனாவுக்கு ஒரே கொண்டாட்டம். பஸ்ஸில் நானும் ஜோசப்பும் பேச ஆரம்பித்தால் நான்கு சீட் தள்ளிப்போய் உட்காரும் பிள்ளை அது. நாலு வயதில் இங்கே வந்தவள். "அம்மா, மெஷின் சொன்னது தப்பில்லையே. நீங்க கத்துறீங்கதானே?" என்றாள்.

"இது கத்துறதாடி? இது பேசுறது."

"அப்ப கத்துனா எப்படி இருக்கும்?"

செய்து காட்டலாம் என்று வாயைத் திறந்தேன். ஜோசப் கையைப் பிடித்துவிட்டார். பக்கத்து வீட்டில் குழந்தை தூங்குகிறதாம்.

மூன்றாம் நாள் குமுளியிலிருந்து அண்ணன் அருள் போன் செய்தான். அவன் அங்கே ஏலக்காய்க் கடையில் வேலை. எஸ்டேட்டில் ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டை விட வேண்டுமல்லவா, அதிலிருந்து அம்மா அவனோடுதான். நான் செயலியைப் பார்த்தபடி, முள் அசையாமல், "சொல்லுண்ணே" என்றேன்.

"ஏ புள்ள, என்ன ஒரு மாதிரி பேசுற?"

"ஒண்ணுமில்லண்ணே."

"ஒண்ணுமில்லங்கிற சத்தமா இது? அம்மாட்டக் குடுக்கலாமா வேணாமா, அத மட்டும் சொல்லு."

"குடேன். நல்லாத்தான இருக்கேன்" என்றேன், இன்னும் மெதுவாக.

அவ்வளவுதான். அம்மா போனை வாங்கி என் மெதுவான "சாப்பிட்டியாம்மா"வைக் கேட்டுவிட்டு, "யாத்தே, எம்புள்ளைக்குக் கொரலே எந்திரிக்கலியே!" என்று வைத்த சத்தத்தில் என் போனின் முள் உடைந்திருக்கும், நல்லவேளை, முள் படம்தான்.

மறுநாளுக்குள் அண்ணன் ஜீப் பிடித்துச் சக்குபள்ளத்தில் ஜோசப்பின் அக்கா லில்லி வீட்டுக்குப் போயிருக்கிறான். லில்லி அக்கா, தோட்டத்தில் ஏலக்காய் பறித்துக்கொண்டிருந்தவர்கள் உட்பட ஒரு ஜெபமாலைக் கூட்டத்தையே திரட்டிவிட்டு, ஜோசப்புக்குப் போன் போட்டார். ஜோசப் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார். பெட்டி அடுக்கும் வண்டியில் உட்கார்ந்தபடி ஸ்பீக்கரில் எடுத்துத் தொலைத்திருக்கிறார்.

"ஏலே சோசப்பு, மாதா மேல சத்தியமாச் சொல்லு. அவள அடிச்சியா?"

"நானா? அவளையா?" என்று கேட்டாராம் ஜோசப். எங்கள் இருவரையும் பக்கத்தில் நிற்க வைத்துப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரியும்.

"அப்ப எதுக்குலே மெதுவாப் பேசுறா? சீக்கா? எத்தன நாளு சொல்லிருக்காங்க?"

ஒரு பெட்டிக்காக மெதுவாகப் பேசுகிறாள் என்று ஜோசப் சொன்னதை அங்கே ஒருவரும் நம்பவில்லை. தங்களைச் சமாதானப்படுத்தச் சொல்லும் பொய் என்று எடுத்துக்கொண்டார்கள். பூசைக்கு எழுதிக் கொடுத்தது அன்று மாலைதான்.

5

இல்லத்தில் என் மெதுவான குரலால் கஷ்டப்பட்டவர் இன்னொருவர். பேட்ரிக். எண்பத்தெட்டு வயது, அயர்லாந்தின் மேற்குக் கடற்கரைப் பக்கம் செம்மறி ஆடு வளர்த்த விவசாயி. காது கேட்கும் கருவியை டீ கோப்பையில் போட்டுவிடுவார். மற்ற நர்ஸ்கள் குனிந்து, காதோரம் போய், படம் வரைந்து காட்டி ஒரு மாத்திரை கொடுப்பதற்குள் டீ ஆறிவிடும். நான் வாசலில் நின்று "குட் மார்னிங் பேட்ரிக்!" என்பேன். "குட் மார்னிங் செல்வி!" என்று அவரும் அதே அளவில் திருப்பிக் கொடுப்பார். நான் வந்த வருடத்திலிருந்து எங்களுக்குள் இதுதான் ஒப்பந்தம்.

அந்த வாரம் என் உதடு அசைவதை அவர் உற்று உற்றுப் பார்த்தார். கருவியை எடுத்துத் தட்டினார். பிறகு, "முடிந்துவிட்டது, காது முழுதாகப் போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கத்திக் கூப்பிட வாயைத் திறந்தேன். ஆனால் தலைக்கு மேல் பெட்டி. வாயை மூடிக்கொண்டு மாத்திரையை நீட்டினேன்.

எட்டாம் நாள், மதியச் சாப்பாடு. நான் கூடத்தின் இந்தக் கோடியில் சூப் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தக் கோடியில் பேட்ரிக் சக்கர நாற்காலியிலிருந்து எழுந்து நிற்கிறார். பிரேக் போடவில்லை. நாற்காலி பின்னால் உருள்கிறது. அவர் அதைப் பார்க்காமல் உட்காரப் போகிறார்.

ஓடிப் போய்ச் சேர முடியாத தூரம். எனக்குள் எதிர்ச் சரிவுக்குப் பேசுகிறவள் எழுந்துவிட்டாள்.

"பேட்ரிக்! உட்காராதீங்க! மேசையைப் பிடிங்க!"

ஒருவர் கையிலிருந்து ஸ்பூன் விழுந்தது. பேட்ரிக் மேசையைப் பிடித்தார். நான் போய் நாற்காலியைத் தள்ளி அவரை உட்கார வைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "கேட்டது!" என்றார்.

பெட்டிக்கும் கேட்டது. மாலை நான்கு மணிக்கு அறிக்கை வந்தது: சிவப்பு. "ஊழியர் முதியவரை நோக்கி ஆத்திரத்துடன் கத்தினார்." அந்த முதியவர் அன்று இடுப்பு எலும்பை உடைத்துக்கொள்ளவில்லை என்பது அறிக்கையில் எங்கும் இல்லை. நடக்காத விபத்துக்குச் சத்தம் கிடையாது.

விசாரணை முடியும்வரை முதியவர்கள் இருக்கும் தளத்துக்கு நான் போகக் கூடாது. துணிகள் வைக்கும் அறையில் போர்வை மடிக்க வேண்டும். குற்றம் உறுதியானால், வயதானவர்களிடம் ஆத்திரப்பட்டுக் கத்துகிறவள் என்று என் பணிப் பதிவில் ஏறிவிடும். ஒரு நர்ஸைப் பற்றி அதைவிட மோசமாக எழுத ஒன்றுமில்லை. இந்த நாட்டில் எந்தக் கதவைத் தட்டினாலும் எனக்கு முன்னால் அந்தத் தாள் போய் நிற்கும்.

முதல் நாள் போர்வை மடித்தபோது அழுதேன். அந்த அறையிலும் பெட்டி இருந்ததால் சத்தமில்லாமல் அழுதேன். இந்தக் கொடுமையைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை.

6

வீட்டிலும், சும்மா உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டே, என்னை அறியாமல் உலர்ந்த துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். அலீனா அதைப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, செயலியை என் போனிலிருந்து அழித்தாள்.

"அம்மா, அந்த மெஷினுக்கு யாரோட குரல வெச்சுச் சொல்லிக் குடுத்தாங்க?"

"எனக்கென்ன தெரியும்?"

"கேளுங்க. மெதுவாப் பேசுறவங்க குரல மட்டும் நல்ல குரல்னு சொல்லிக் குடுத்திருந்தா, நீங்க வாயத் தொறந்தாலே அதுக்குச் சண்டதான்."

பிறகு கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு ஐரோப்பாவில் புதிதாக வந்திருக்கும் சட்டத்தைப் படித்தாள். வேலை செய்கிற இடத்தில் ஊழியரின் உணர்ச்சியை இயந்திரத்தை வைத்து யூகிக்கக் கூடாதாம். பாதுகாப்புக்காக, மருத்துவத்துக்காக என்றால் மட்டும் விலக்காம். ஆபத்தான வகை இயந்திரம் என்றால் மனிதர் ஒருவர் உண்மையிலேயே மேற்பார்க்க வேண்டுமாம். வீட்டுப்பாடத்துக்கு உட்கார் என்றால் பத்து முறை எழுந்து போகிறவள், எனக்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் சத்தமாகவே சொன்னேன், எம்புள்ள தங்கம் என்று. அவள் காதைப் பொத்திக்கொண்டாள். ஆனால் எழுந்து போகவில்லை.

7

விசாரணை அறையில் மூன்று பேர். இல்லத்தின் மேலாளர் ஃபியோனா, நல்ல பெண்மணி, எப்போதும் அவசரத்தில் இருப்பவர். நிர்வாகத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒருவர். கானர், மடிக்கணினி.

அலீனா எழுதிக் கொடுத்த தாளை எடுத்து முதல் கேள்வியைக் கேட்டேன். "உங்கள் இயந்திரம் என் உணர்ச்சியை அளக்கிறதா?"

"இல்லவே இல்லை. அபாயத்தைத்தான் அளக்கிறது" என்றான் கானர், யாருக்கும் கேட்காமல்.

அறிக்கையை நீட்டினேன். "ஆத்திரத்துடன் என்று எழுதியிருக்கிறதே. ஆத்திரம் எந்த வகை அபாயம்?"

கானர் தாளைப் பார்த்தான். கண்ணாடிக்காரர் கானரைப் பார்த்தார். "அது வெறும் தலைப்பு" என்றான் கானர். அடுத்த கேள்வி: ஒலிப்பதிவுகளை நான் கேட்க வேண்டும்.

கேட்டோம். ஒன்று, நானும் பேட்ரிக்கும் குட் மார்னிங். என்னுடையது மஞ்சள், அதைவிடச் சத்தமான அவருடையது கணக்கிலேயே இல்லை, அவர் ஊழியர் இல்லையே. இரண்டு, ஓய்வறையில் நானும், என்னோடு வேலை பார்க்கும் கட்டப்பனை ஜெஸ்ஸியும். "மோதல் முற்றுகிறது" என்று குறிப்பு. நாங்கள் மாட்டிறைச்சிக்குக் குக்கரில் எத்தனை விசில் என்று பேசிக்கொண்டிருந்தோம். கருத்து வேறுபாடு இருந்தது உண்மைதான். மூன்று, இடைவேளையில் அதே ஓய்வறையிலிருந்து அம்மாவுக்கு நான் போன் செய்தது. "மிரட்டல், உயர்ந்த நிலை." நான் அதில் கேட்டது, "மருந்து சாப்பிட்டியா, மழைல நனைஞ்சியா?" மொழிபெயர்த்துச் சொன்னதும் கண்ணாடிக்காரர் தண்ணீர் குடித்தார்.

"இதையெல்லாம் ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்ததாக இருக்கிறது. அந்த மனிதர் யார்?" என்றேன்.

ஃபியோனாவின் முகம் சிவந்தது. "நான்தான்" என்றார்.

"நீங்கள் இதைக் கேட்டீர்களா?"

அவர் மறைக்கவில்லை. அதற்காக அவரை எனக்கு எப்போதும் பிடிக்கும். "செல்வி, மாத்திரை நேரத்தில் வந்து குதிக்கும். 'ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு பெரிய பொத்தான். அழுத்தினால் போய்விடும். 'இல்லை' என்று அழுத்தினால் நான்கு பக்கப் படிவம் திறக்கும், ஏன் இல்லை என்று எழுத வேண்டும். நான்..." என்று நிறுத்தினார். "எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்."

இயந்திரம் சொல்லும், மனிதர் முடிவெடுப்பார் என்று பிஸ்கட் கொடுத்துச் சொன்னார்களே, அந்த மனிதர் இவர். பாவம், தப்பு செய்ய ஒரு விரல், சரி செய்ய நான்கு பக்கம்.

கண்ணாடிக்காரர் கானரின் காதில் என்னவோ சொல்ல, கானர் உற்சாகமானான். "எளிதான வழி இருக்கிறது. உங்கள் குரலை மட்டும் விலக்குப் பட்டியலில் போட்டுவிடுகிறேன். இனி நீங்கள் என்ன செய்தாலும் பச்சை. பதிவையும் அழித்துவிடலாம். நாளைக்கே தளத்துக்குப் போகலாம்."

உண்மையைச் சொல்கிறேன், என் வாய் சரி என்று சொல்லத் திறந்துவிட்டது. பதிவு சுத்தம், வேலை பத்திரம், பேட்ரிக் காத்திருக்கிறார். வேறென்ன வேண்டும்?

அப்போது எங்கள் எஸ்டேட்டின் முத்தம்மாக்கா ஞாபகம் வந்தார். நான் பள்ளியில் படிக்கும்போது கொழுந்து நிறுக்க எலக்ட்ரானிக் தராசு வந்தது. எண் தெரியும் கண்ணாடி சூப்பர்வைசர் பக்கம் பார்த்திருந்தது. பெண்கள் சாக்கை இறக்காமல் நின்றுவிட்டார்கள். சூப்பர்வைசர் முத்தம்மாக்காவை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "நீ வேணா இந்தப் பக்கம் வந்து பாத்துக்க" என்றார். அக்கா மறுத்துவிட்டார். பெரிய கொள்கை ஒன்றும் பேசவில்லை. "நான் ஒருத்தி பாத்துட்டு எல்லாருக்கும் போய்ச் சொல்லிட்டிருக்கணுமா? எனக்கு வேற சோலி இல்ல? அதத் திருப்பி வையிங்க சார்" என்றார். திருப்பி வைத்தார்கள்.

"ஜெஸ்ஸியின் குரல் என்ன ஆகும்?" என்று கேட்டேன்.

"அவர் புகார் கொடுத்தால் அவருடையதையும் பார்க்கலாம்."

"நைஜீரியாக்காரி பிளெஸ்ஸிங்? சமையலறை பிரேசில்காரர்? ஒவ்வொருவரும் போர்வை மடித்துவிட்டுத்தான் வர வேண்டுமா?" என் சத்தம் ஏறிவிட்டது, ஏறட்டும் என்று விட்டேன். "விலக்கு வேண்டாம். எல்லோரையும் அந்தப் பெட்டிக்கு முன்னால் பேச வைத்துச் சோதியுங்கள். நீங்களும் பேசுங்கள்."

சோதனைக்கு மூன்று வாரம் ஆகும், அதுவரை நீங்கள் துணி அறையில்தான், பதிவும் அப்படியேதான் இருக்கும் என்றார் கண்ணாடிக்காரர். சரி என்றேன். வெளியே வந்து கழிப்பறையில் உட்கார்ந்து, என்ன காரியம் செய்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். வீட்டில் ஜோசப், "ஒனக்குக் கிறுக்கா? குடுத்தத வாங்கிட்டு வர்றதுக்கென்ன?" என்றார். முத்தம்மாக்காவைச் சாட்சிக்கு இழுத்தால் இன்னும் மோசமாகும் என்று அரிசி களையப் போய்விட்டேன்.

8

சோதனை நடந்தது. எல்லோரும் ஒரே வாக்கியம்: "சாப்பாடு தயார், வாருங்கள்." கானர் சொன்னான், பச்சை. கண்ணாடிக்காரர் சொன்னார், பச்சை. நான், ஜெஸ்ஸி, பிளெஸ்ஸிங், பிரேசில்காரர், வரிசையாகச் சிவப்பு. தீவுப் பக்கத்து மீனவக் குடும்பத்தில் பிறந்த அசல் ஐரிஷ்காரி ஒருத்தியும் சிவப்பு. கடைசியாக ஃபியோனா, தினமும் எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே கூப்பிட்டார். சிவப்பு. அவர் சிரித்த சிரிப்புக்கு இன்னொரு சிவப்பு.

பெட்டிகள் இப்போதும் கூரையில் இருக்கின்றன. யாராவது விழுந்தால் மட்டும் சொல்லும். குரலுக்கு நிறம் போடும் வேலையைப் பிடுங்கிவிட்டார்கள். இனி யார் மேலாவது புகார் வந்தால் அவரையும் உட்கார வைத்துக் கேட்டுவிட்டுத்தான் பதிவில் ஏற்ற வேண்டும். யாரோ விழுந்ததாகப் பெட்டி தப்பாகச் சொன்னாலும், 'இல்லை' என்பதற்கு ஒரு வரி எழுதினால் போதும். பழைய மஞ்சள், சிவப்பு எல்லாவற்றையும் எல்லோருக்கும் அழித்துவிட்டார்கள். நியாயம் என்று பெரிதாகச் சொன்னாலும், கையில் கிடைத்தபோது அது ஒரு பக்கக் கடிதம்தான்.

மறுநாள் காலை பேட்ரிக்கின் வாசலில் நின்று, அடிவயிற்றிலிருந்து "குட் மார்னிங் பேட்ரிக்!" என்றேன்.

அவர் பேயைப் பார்த்தது போல் வெளுத்தார். சிலுவை போட்டுக்கொண்டார். "நீ செத்துவிட்டாயே!"

என் இடமாற்றத்தை அவரிடம் யாரோ வந்து மென்மையாக, பக்குவமாகச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு ஒரு எழுத்து கேட்கவில்லை. சொன்னவர் முகம் சோகமாக இருந்தது மட்டும் தெரிந்திருக்கிறது. தவிர, நம் பழக்கத்தில் நான் ஒவ்வொரு நாளும் கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன். "போய்விட்டு வருகிறேன் என்றாய். ஐந்து வாரம் வரவில்லை. சொன்ன சொல் தவறாதவள். வேறென்ன நினைப்பேன்?" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

இங்கே நவம்பர் மாதம் இறந்தவர்களுக்கு உரியது. செத்தவர்கள் பெயரை எழுதி உறையில் போட்டுக் கோயிலில் கொடுப்பார்கள், பூசையில் வாசிப்பார்கள். பேட்ரிக் மனைவி பெயருக்குக் கீழே என் பெயரையும் எழுதிக் கொடுத்திருந்தார். அவசரமாகச் சாமியாருக்குப் போன் செய்தேன். உறையெல்லாம் பீடத்தில் கலந்து வைத்தாயிற்று, தேட முடியாது, ஒரு செபம் கூடினால் உனக்குக் கெடுதலா என்றார். பதிவிலிருந்து பெயரை எடுக்க அத்தனை பாடுபட்டவள், இதை எதிர்த்து மனுப் போட எனக்குத் தெம்பில்லை.

அந்த ஞாயிறு முன் வரிசையில் நான், ஜோசப், அலீனா. பக்கத்தில் சக்கர நாற்காலியில் பேட்ரிக், கோட்டும் டையுமாக. சாமியார் மெல்லிய குரலில் பெயர்களை வாசித்தார். பேட்ரிக்கின் மனைவி. அடுத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தடவி, செல்வராணி. உயிரோடு உட்கார்ந்து அதைக் கேட்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அலீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த அமைதியில் பேட்ரிக், தான் ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு, கோயில் அதிரக் கேட்டார்: "உன்னை வாசித்துவிட்டார்களா?"

அவருக்குக் கேட்க வேண்டுமே. "வாசிச்சாச்சு பேட்ரிக்! இப்பத்தான்!" என்றேன்.

கோயிலே திரும்பிப் பார்த்தது. சாமியார் தாளை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அலீனா முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. சிரிக்கிறாள். பேட்ரிக் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, "நல்லது, இனி நூறு வயது இருப்பாய்" என்றார், கடைசி வரிசைவரை.